மைத்துனர் பிடித்துத் தந்த மீன்கள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும், தங்கள் தங்கை இரண்டு வருஷத்துக்கு முன் பின்னி அனுப்பிய நீல நிற முழங்கால் பட்டை இன்னும் தளராமல் இருக்கும் என்றும், வீட்டில் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை நலம். என் மகள் பறவை எச்சம் சேகரிக்க வெளியூர் போயிருக்கிறாள், அவளும் நலம் என்று நேற்று தகவல் வந்தது. நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நலமாக இருக்கும் மனிதன் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நாற்பத்தாறு நாடாப்புழுக்களில் எது எந்த ஊர் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கமாட்டான்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் தொலைபேசியில் பேசுவதும் தங்கள் தங்கையின் காதில் பேசுவதும் ஒன்றுதான். அதனால் மாடிப்படியில் உட்கார்ந்து, மின்கட்டணம் பற்றிப் புகார் எழுதுவதாகச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் படிக்கட்டு காரணம்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். தங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒழுங்காகச் சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும். கெண்டை மீனின் வயிற்றுக்குள் வெள்ளை ரிப்பன் மாதிரி ஒரு புழு வளர்கிறது. மீன் அதற்கு வெறும் தங்குமிடம்தான், போய்ச் சேரவேண்டிய வீடு மீன் தின்னும் பறவையின் குடல். புழு பிடித்த மீன் ஆழத்துக்குப் போகாமல் மேல்தண்ணீரில் தள்ளாடிக்கொண்டு நிற்குமாம், பறவை சிரமமில்லாமல் கொத்திக்கொண்டு போகுமாம், பறவை வயிற்றில் புழு நாலே நாளில் ஆளாகி முட்டையிட்டுவிடுமாம், முட்டை எச்சத்தோடு தண்ணீரில் விழுந்து பொரிய, பொரிந்ததை ஒரு பொடிப் பூச்சி விழுங்க, பூச்சியை மீன் விழுங்க, மறுபடியும் முதலிலிருந்து. ஒரே தொழிற்சாலையில், ஒரே உதிரிப்பாக ஸ்டோரில், ஒரே நாற்காலியில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கு, ஒரு பிறவிக்குள் மூன்று இடமாற்றம் வாங்கும் இந்தப் புழுவை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. புழு கடைசியாகப் போய்த் தங்குமிடம் என்பதால், மகளின் ஆய்வேட்டில் அந்தப் பறவைக்கு ‘இறுதி விருந்தோம்பி’ என்று பெயர். தங்கள் தங்கை அதைப் படித்துவிட்டு, அப்படிப் பார்த்தால் இந்த வீட்டில் தான்தான் அது என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

என் மகளின் ஆராய்ச்சி என்னவென்றால், இந்தப் புழு ஊருக்கு ஊர் மாறுமா என்பது. எங்கள் ஏரியில் முக்குளிப்பான் நிறைய. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கள் ஏரியில் முக்குளிப்பான் மருந்துக்கும் கிடையாது, எல்லாம் நீர்க்காகம். பறவை வேறு என்றால் புழுவும் வேறு வகையாக இருக்கவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் தாங்கள் மார்பளவு தண்ணீரில் நின்று, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, மூன்று தடவையாகப் பிடித்து அனுப்பிய மீன்களில் இருபத்துமூன்று புழு கிடைத்ததல்லவா, அவற்றை எங்கள் ஏரிப் புழு இருபத்துமூன்றோடு வைத்துப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் இல்லை. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியை அம்மாள், இது ஒன்று பெரிய கண்டுபிடிப்பு அல்லது பெரிய தப்பு என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கண்டுபிடிப்புத்தான் என்று கடைசியில் முடிவாகி, வரும் திங்கட்கிழமை வெளியூர்ப் பேராசிரியர்கள் இரண்டு பேர் வந்து அவளைக் கேள்வி கேட்கப் போகிறார்கள். புழுவுக்கு ஒன்றாக, கெடாமல் இருக்க ஸ்பிரிட் ஊற்றி வைத்திருக்கும் நாற்பத்தாறு பாட்டில்களையும் மேசையில் வைத்து, இதில் எது எந்த ஏரி, காட்டு என்பார்கள். நான்கு வருஷ உழைப்பும் அவள் காட்டப்போகும் அந்த விரலில்தான் இருக்கிறது.

கல்லூரியில் அவள் ஆய்வுக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது. ரிப்பேர் முடிகிறவரை பாட்டில்கள் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கட்டும் என்று கொண்டுவந்தாள். அந்த அலமாரி தங்கள் தங்கையின் பீங்கான் கோப்பைகளுக்கு உரியது என்பது தாங்கள் அறிந்ததே. கோப்பைகள் கட்டிலுக்கு அடியில் போயின, புழுக்கள் கூடத்துக்கு வந்தன. மேல்தட்டு தங்கள் ஏரி, கீழ்த்தட்டு எங்கள் ஏரி. கிளம்பும்போது வாசலில் நின்று, “அப்பா, அலமாரியைத் தொடாதீங்க” என்று மகள் சொன்னாள். நான் தலையாட்டினேன். வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் என்னைத் தவிர தங்கள் தங்கைதான் இருக்கிறாள், அவள் அந்த அலமாரி இருக்கும் திசையில்கூடத் தலைவைத்துப் படுப்பதில்லை.

மூன்றாம் நாள் மேல்தட்டுப் பலகை நடுவில் தொய்ந்துவிட்டது. இதில் என் தப்பு ஒன்றுமில்லை, இருபத்துமூன்று பாட்டில் ஸ்பிரிட்டின் கனம் கோப்பைக்கான பலகை தாங்குமா? ஒரு கட்டை வைத்து முட்டுக்கொடுக்கலாம் என்று பாட்டில்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மேல்தட்டை எடுத்தாயிற்று, கீழ்த்தட்டையும் எடுத்தால் துடைத்துவிடலாமே என்று அதையும் எடுத்தேன். அதுவரை நான் நல்ல மனிதன். அப்புறம் லேபிள்களைப் பார்த்தேன். மச்சான், அந்த லேபிள்களை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் சும்மா இருந்திருக்கமாட்டீர்கள். ஒன்று சாய்ந்து, ஒன்று உரிந்து, ஒன்றில் ஸ்பிரிட் பட்டு மை கரைந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கடவுளுக்கே வெளிச்சம். எங்கள் ஸ்டோரில் இப்படி ஒரு லேபிளை நான் ஒரு மணி நேரம்கூட விட்டுவைத்ததில்லை. வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்தேன். நாற்பத்தாறையும் ஊறவைத்து, சுரண்டி, துடைத்து, வெயிலில் காயவைத்து, புது லேபிள் ஒட்டினேன். ஒவ்வொரு புழுவையும் பாட்டிலுக்கு வெளியே நூல் பிடித்து இரண்டு தடவை அளந்து, நீளம், அகலம், நிறம் எல்லாம் அச்சு மாதிரி எழுதினேன். ஒரே மாதிரிப் பொருள் ஒரே தட்டில், சின்னது முன்னால், பெரிசு பின்னால் என்பது என் முப்பத்தோரு வருஷத் தொழில் தர்மம். அதன்படி அடுக்கி முடித்து, எட்டி நின்று பார்த்தபோது, ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக மனசு நிறைந்தது.

தங்கள் தங்கை சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். பரவாயில்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது என்று பாராட்டினாள். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள். “இதுல எங்கண்ணன் ஊரு எது, நம்ம ஊரு எது?”

எனக்குக் காது அடைத்துவிட்டது. அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ போய் வேலையைப் பார் என்றேன். அவள் போனாள். நான் அலமாரியைப் பார்த்தேன், அலமாரி என்னைப் பார்த்தது. இரண்டு ஊர்ப் புழுவும் ஒரே மாதிரி இருப்பதுதானே என் மகளின் கண்டுபிடிப்பு, அப்படி இருக்கும்போது நான் எதைப் பார்த்துப் பிரிப்பேன்? யாருக்குத் தெரியப் போகிறது, பாதியை மேலே வை, பாதியைக் கீழே வை என்று ஒரு நிமிஷம் புத்தி போனது உண்மை. தங்களிடம் மறைப்பானேன். போன புத்தியை உடனே இழுத்துக்கொண்டு வந்தேன். குற்றம் முழுக்க என்னுடையது.

மறுநாள் காலை ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். ஏரிக்கரையில் மீன் விற்கும் மீன்காரம்மாவைப் பார்க்கத்தான். முப்பது வருஷமாக மீனோடு பழகியவர், புழுவைப் பார்த்ததும் ஊர் சொல்லிவிடுவார் என்று ஒரு நப்பாசை. பாட்டில் மூடியை நான் சோப்புப் போட்டுத் துடைத்தபோது சரியாகத் திருகவில்லை போலிருக்கிறது. பாதி வழியில் ஸ்பிரிட் கசிந்து பை நனைந்து, வேட்டி நனைந்து, பேருந்து முழுக்க வாடை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன்னால் போய்விட்டார். நடத்துநர் என் அருகே வந்து குனிந்து, மரியாதையாகத்தான் கேட்டார். “பெரியவரே, காலையிலேயேவா?” வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மானத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் துண்டைப் பிரித்து, இதற்காகத்தான் என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாக அது சுருண்டுகிடந்தது. பேருந்து அப்போது நின்ற இடம் நிறுத்தமே அல்ல. நாலைந்து பேர் இறங்கிவிட்டார்கள். நடத்துநர் என்னை இறங்கச் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் என் பக்கம் வரவும் இல்லை.

மீன்காரம்மா பாட்டிலை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். மீனைக் காட்டினால் ஊர் சொல்லுவேன், மீனுக்குள் இருக்கிறதைக் காட்டினால் எப்படி என்றார். கெண்டையின் வயிற்றில் இருந்தது, மலைக்கு அந்தப் பக்கத்து ஏரியாகவும் இருக்கலாம் என்றேன். அவர் சிரித்துவிட்டார். “அந்த ஏரில கெண்டை எங்கங்க இருக்கு? பெரிய மீனைக் கொண்டாந்து விட்டு அது எல்லாத்தையும் தின்னு பத்து வருசமாச்சே.” எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வந்தது. என் மைத்துனர் தன் கையால் பிடித்தது, வலையோடு நிற்கிற போட்டோ எங்கள் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது என்றேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டு அவர் அடுத்த ஆளுக்கு மீன் நறுக்கப் போய்விட்டார். கரையில் உட்கார்ந்து வியாபாரம் பண்ணுகிறவருக்கு, இளம் வயதிலிருந்து வலையும் கையுமாக வளர்ந்த தங்களைப் பற்றி என்ன தெரியும்.

ஆக, இப்போது தங்களை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. இந்தக் கடிதம் நாளை மறுநாள் கையில் கிடைக்கும். கிடைத்ததும், முழங்கால் இடம் கொடுத்தால், கொடுக்காவிட்டால் அந்த நீலப் பட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, தயவுசெய்து இன்னொரு தடவை ஏரியில் இறங்குங்கள். ஐம்பது கெண்டை பிடித்தால் புழு உள்ளவை இருபதாவது தேறும். சனிக்கிழமை மகள் வருவதற்குள் மீன்கள் இங்கே வந்துவிட்டால், எங்கள் ஏரி மீனை நான் வாங்கி வைத்துவிடுவேன். இரண்டையும் அவள் முன்னால் வைத்து, அம்மா, உன் பாட்டில்களை நான் கலந்துவிட்டேன், இதோ புதுச் சரக்கு, புது ஆரம்பம் என்று சொல்லிவிடுவேன். வெறுங்கையோடு நின்று அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் திட்டுவாள் என்று பயப்படவில்லை, மச்சான். அவள் திட்டமாட்டாள். சின்ன வயதில் அவள் பொம்மையை நான் ரிப்பேர் பண்ணுகிறேன் என்று கழற்றி, திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்தபோதும் திட்டவில்லை, பரவாயில்லைப்பா என்றுதான் சொன்னாள். அந்தப் பரவாயில்லையை இன்னொரு தடவை கேட்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான்கு வருஷம் அவள் சேற்றிலும் நாற்றத்திலும் நின்றிருக்கிறாள், பிறந்தநாளுக்குக்கூடப் பறவை எச்சத்தோடுதான் வீட்டுக்கு வந்தாள், அத்தனையும் நான் ஒரு சோப்புக்கட்டியால் கழுவிவிட்டேன். மறுபடியும் சொல்கிறேன், குற்றம் முழுக்க என்னுடையது.

தங்கள் தங்கைக்கு இது தெரியவேண்டாம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக, குழாய் ஒழுகினாலும் கதவு கிறீச்சிட்டாலும், ‘எங்கண்ணனா இருந்தா’ என்று ஆரம்பிக்கிறாள். நான் அதற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்த விஷயத்தில் அவள் சொல்வது சரி. தாங்களாக இருந்தால் அலமாரியைத் தொட்டிருக்கமாட்டீர்கள், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்திருப்பீர்கள்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெற்றவர்கள் கை வைக்க முடியாத ஏதாவது ஒரு துறைக்குப் போகட்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். தங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும், ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை நனையட்டும்.

என்றும் தங்கள் பணிவுள்ள,
தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. போன ஊரில் மழை பிடித்துக்கொண்டதால் மகள் முன்னதாகவே வந்துவிட்டாள். தங்கள் தங்கை பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் யோசிக்கவில்லை, மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் பலகை, சோப்பு, நூல், பேருந்து, மீன்காரம்மா என்று அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவள் நேரே அலமாரியிடம் போனாள். ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். புழுவுக்குப் பின்னால், ஸ்பிரிட்டுக்குள்ளேயே, நகத்தளவு ஒரு காகிதத் துண்டு. அதில் ஏரி, தேதி, எல்லாம் பென்சிலில். “ஸ்பிரிட்ல மை கரைஞ்சிடும்ப்பா, பென்சில் கரையாது. உள்ள போடுறதுதான் லேபிள். வெளிய இருந்தது எடுத்து வைக்கிற வசதிக்கு” என்றாள். நாற்பத்தாறிலும் இருக்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நூல் பிடித்து அளந்தவன் கண்ணில் அது ஒரு தடவைகூடப் படவில்லை. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவள் கேட்டாள். “மீன்காரம்மா என்ன சொன்னாங்க? அதை மட்டும் திரும்பச் சொல்லுங்க.”

சொன்னேன். மறு பேருந்தில் என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். அதே நடத்துநர், பையில் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றினார். மீன்காரம்மாவின் தம்பி அங்கே வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஏரிக் கெண்டைதான் வாராவாரம் புதன்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் உங்கள் ஊர்ச் சந்தைக்குப் போகிறதாம். போன வருஷம் அங்கே ஒரு பெரியவர் மூன்று வாரம் வண்டிக்கு முன்னாலேயே வந்து நின்று, கழுவக்கூடாது, குடலோடு வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப் போனாராம். அப்படிக் கேட்டு வாங்குகிற ஆளைத் தம்பி தன் ஆயுளில் பார்த்ததில்லை என்பதால் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். முழங்காலில் நீலக் கலரில் ஏதோ கம்பளிப் பட்டை கட்டியிருந்தாராம்.

வீட்டுக்கு வந்து உங்கள் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தேன், மச்சான். வேட்டி மடிப்புக் கலையவில்லை. வலையின் ஓரத்தில் கடை லேபிள் தொங்குகிறது. லேபிள் பார்க்கத் தெரியாதவன் நான் என்பது ஒரே நாளில் இரண்டு தடவை நிரூபணமாகிவிட்டது.

இரண்டு ஏரிப் புழுவும் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன என்பது இப்போது தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே ஏரி. மகள் பேராசிரியை அம்மாளுக்குப் போன் செய்தாள். பெரிய தப்புத்தான் என்பது உறுதியானதில் அவருக்கு அத்தனை நிம்மதி. திங்கட்கிழமை இது வெளியே வந்திருந்தால் வெளியூர்க்காரர்கள் முன்னால் இவள் மானம் போயிருக்கும், நான் சோப்புப் போட்டதால் பிழைத்தது என்று சொன்னாராம். பரீட்சை தள்ளிப்போகிறது. உங்கள் ஏரியில் கெண்டை இருக்கிறதா, இல்லையென்றால் நீர்க்காகம் எந்த மீனைத் தின்கிறது, அதில் என்ன புழு என்று முதலிலிருந்து பார்க்கப்போகிறாள். என் லேபிள்களை எடுக்கவேண்டாம், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். விட்டுப்போன ஏரியை மட்டும் அவற்றில் சேர்க்கச் சொன்னாள், நாற்பத்தாறுக்கும் ஒரே ஏரி. உங்கள் மேலும் அவளுக்குக் கோபமில்லை. “கால் வலியோட மாமா எப்படி இறங்குவாரு, முதல்லயே சொல்லியிருந்தா நானே போயிருப்பேன்ல” என்றாள். கடைசியில் அந்தப் பரவாயில்லையும் வந்தது. இந்தத் தடவை அது உங்களுக்கு.

ஆகவே மீன் அனுப்பவேண்டாம். மேலே எழுதியதில் வாழ்த்தைத் தவிர எதையும் எடுத்துக்கொள்ளவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் ஒரு நிஜ மீனவரோடு அங்கே வருகிறோம், கரையில் நீங்கள் குடை பிடித்தால் போதும். தங்கள் தங்கையிடம் நான் இதைச் சொல்லவில்லை. ‘எங்கண்ணனா இருந்தா’ என்பதை இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் நிறுத்தக்கூடிய சரக்கு என் கையில் இருக்கிறது, இருந்தும் எடுக்கவில்லை. ஒரே மாதிரிப் பொருள் ஒரே தட்டில் என்பது என் தொழில் தர்மம், உங்களையும் என்னையும் இனி பிரித்து வைக்க எனக்கு மனம் வராது. ஒன்று மட்டும் செய்யுங்கள். மேலே ‘குற்றம் முழுக்க என்னுடையது’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்று என்னுடையது. இன்னொன்றின் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டு, கடிதத்தை என் மகள் பெயருக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பென்சிலில் போடவும்.